கூடப்பிறந்தவனிடம் கணக்குப் பார்ப்பவள்

கடந்த கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் காலை, மேல்மலையனூரில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துக்கொண்டு போனேன். ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வந்த கூட்டம் கலைந்து, நசுங்கிய எலுமிச்சம்பழமும் காகிதத் தட்டுமாகத் தெரு கிடந்தது. அவர் திண்ணையிலிருந்து டேப்பை இழுத்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு பின்கட்டு வரை நடந்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தான். "என்னக்கா, அம்மா வீட்டுக்கே விலை போட ஆள் கூட்டினு வந்துட்டியா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம்பி மனைவி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். என் டம்ளரைக் கொடுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பியின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது நியாயமான கேள்வி என்று தோன்றியது. பிறந்த வீட்டுக்கு விலை போடலாமா? கூடப்பிறந்தவனிடம் கணக்குப் பார்ப்பது அன்பைக் கெடுக்குமா? பங்கு கேட்கும் பெண்கள் எல்லோரும் இந்தக் கேள்வியின் முன்னால் ஒருநாள் நிற்கிறோம். பலரும் அங்கிருந்தே திரும்பிப் போய்விடுகிறோம்.

முதலில் விவரம். அப்பா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். அந்தச் சம்பாத்தியத்தில் 1991இல் 4 சென்ட் மனை வாங்கி, 1995இல் வீடு கட்டினார். 2023இல் இறந்தார். உயில் எழுதவில்லை. உயில் இல்லாமல் இறந்த ஒருவரின் சுய சம்பாத்தியச் சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சேரும். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வர 1989இன் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இன் மத்தியத் திருத்தமும் தேவைப்பட்டன. அப்பா தானே சம்பாதித்து வாங்கியதற்கு அவையும் தேவையில்லை. அம்மா, தம்பி, நான்: மூன்று பேர், மூன்று பங்கு.

தம்பி ஏமாற்றுக்காரன் அல்ல. அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். அவன் என்னிடம் விடுதலைப் பத்திரம் கேட்டபோது கணக்கோடுதான் கேட்டான். "கவர்மெண்ட் ரேட் பார்த்தேன்க்கா. மனை 5 லட்சத்து 22 ஆயிரம் வருது. மூணுல ஒண்ணு, ஒண்ணே முக்கால் லட்சம். தந்துடறேன்." கையெழுத்துப் போடுவதென்று நானும் முடிவு செய்திருந்தேன். பத்திர எழுத்தர் கேட்ட தாய்ப்பத்திரத்தை எடுக்க அப்பாவின் மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது, 2021இல் கடைக்காக அவர் வாங்கிய வங்கிக் கடனின் காகிதங்களும் சேர்ந்து விழுந்தன. அதில் வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கை ஒன்று இருந்தது. இதே வீடு, இதே 4 சென்ட். சந்தை மதிப்பு 24 லட்சம். அதன் கீழேயே, கட்டாய விற்பனை மதிப்பு 19 லட்சம்.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே விடைத்தாளுக்கு மூன்று பேர் மூன்று மதிப்பெண் போட்டால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பேன். வீட்டு விஷயத்தில் அது அப்படியல்ல என்பதை மெல்லத்தான் புரிந்துகொண்டேன். பெண்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"கவர்மெண்ட் ரேட்" என்று தம்பி சொன்னது வழிகாட்டி மதிப்பு. எந்தத் தெருவில், எந்த சர்வே எண்ணில் சதுர அடி என்ன என்று பதிவுத்துறை வைத்திருக்கும் பட்டியல் அது. முத்திரைத் தீர்வையைக் கணக்கிடத்தான் அது இருக்கிறது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் அதை 33 விழுக்காடு குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளிலும் எங்கள் வீட்டின் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை. வங்கி போட்டது வேறு கணக்கு: கடன் திரும்பாவிட்டால் இந்த வீடு நம்மைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கான பதில். அவசரத்தில் ஏலம் விட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் அந்த 19 லட்சம்.

நான் அழைத்துப்போன மதிப்பீட்டாளர் மூன்று வழிகளில் பார்த்தார். முதல் வழி ஒப்பீடு. பக்கத்துத் தெருக்களில் அண்மையில் கைமாறிய மனைகள் என்ன விலைக்குப் போயின? இதில் ஒரு சிக்கல் உண்டு. பலரும் வழிகாட்டி மதிப்பைத்தான் பத்திரத்தில் எழுதுகிறார்கள். மீதிப் பணம் காகிதத்தில் ஏறாமல் கைமாறுகிறது. அதனால் பத்திரத்தையும் பார்த்து, வாங்கியவரையும் விற்றவரையும் விசாரித்துத்தான் அவர் ஒரு தொகைக்கு வந்தார். வாய்ப்பேச்சை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததைச் சொல்லி, "இனிமே இந்தப் பக்கமெல்லாம் விலை எங்கியோ போவும்" என்றார் தம்பியின் தரகு நண்பர். "அது நடந்த பிறகு எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டார் மதிப்பீட்டாளர். சதுர அடிக்கு 800 ரூபாய் வீதம் 1,742 சதுர அடி மனை: 13,93,600.

இரண்டாவது வழி கட்டடத்துக்கு. இன்று இதைக் கட்ட என்ன ஆகும் என்று பார்த்து, வயதுக்குத் தக்கபடி தேய்மானம் கழிப்பது. 850 சதுர அடி, இன்று கட்டினால் 12,75,000. வயது 30, ஆயுள் 60 என்று வைத்து 45 விழுக்காடு கழித்தால் 7,01,250. மூன்றாவது வழி வருமானம். எங்கள் ஊரில் அமாவாசைக்கு அமாவாசை திண்ணை வாடகைக்குப் போகும். குங்குமக் கடையோ பொம்மைக் கடையோ வந்து உட்காரும். மாசியில் மயானக் கொள்ளை நாளில் வாடகை இரட்டிப்பாகும். அதை மனையின் விலையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்திக்கொண்டார். மொத்தம் 20,94,850. என் பங்கு ஏறத்தாழ 7 லட்சம்.

ஒண்ணே முக்கால் லட்சத்துக்கும் 7 லட்சத்துக்கும் நடுவில் இருப்பது பொய் அல்ல. இரண்டுமே மெய்யான தொகைகள்தான், வேறு வேறு கேள்விகளுக்கு. அரசுக்குக் கட்டணம் செலுத்தும்போது தாழ்ந்த தொகை. கடன் வாங்கும்போது உயர்ந்த தொகை. மகளுக்குப் பிரித்துத் தரும்போது மறுபடியும் தாழ்ந்த தொகை. ஒரு சொத்துக்குப் பல விலை இருப்பதில் தவறில்லை. எந்த நேரத்தில் எந்த விலையை எடுத்து மேசைமேல் வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் அந்த மஞ்சப்பை ஒருபோதும் பெண்கள் கையில் இருந்ததில்லை.

சந்தை மதிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் ஒழுக்கக் கருத்து இருக்கிறது. 1939இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்காகக் கையகப்படுத்திய நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. விற்கச் சம்மதமுள்ள ஒருவர், வாங்கச் சம்மதமுள்ள ஒருவரிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலையே சந்தை விலை என்றது. இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை எடுத்தாளும் தீர்ப்பு அது. விற்பவர் நெருக்கடியில் இருக்கக்கூடாது, வாங்குபவரும் அப்படியே. இரண்டு பேருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் தன் மனதில் உட்கார வைத்துக்கொள்ளும் அந்தக் கற்பனை விற்பனையாளரை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். "கையெழுத்துப் போடலைன்னா பொங்கலுக்கு சீர் வராது" என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. பத்திர அலுவலக வாசலில் ஆட்டோவை நிற்க வைத்துக்கொண்டு யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை. அவர் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பெண்களில் எத்தனை பேர் அவரைப் போல இருந்தோம்?

அதே நிலமெடுப்புச் சட்டத்தில், 1894இல் எழுதியதில், இன்னொரு வரியும் இருந்தது. நிலத்தைப் பிரிய மனமில்லாமை என்பதை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது. உங்கள் மனவருத்தத்துக்கு விலை கிடையாது என்பதை அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. குடும்பம் அப்படிச் சொல்வதில்லை. அங்கே மனவருத்தம் கணக்கில் ஏறும், ஆனால் ஒரே பக்கத்தில். தம்பிக்கு வீட்டைப் பிரிய மனமில்லை என்றால் அது பாசம். எனக்கு மனமில்லை என்றால் பேராசை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். விலை உள்ளது எதுவோ அதற்குப் பதிலாக இன்னொன்றை வைத்துவிடலாம். பதிலே வைக்க முடியாததற்கு விலை கிடையாது, கண்ணியம்தான் உண்டு என்று ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1785இல் எழுதினார். தம்பி சொல்வதும் ஏறக்குறைய அதுதான். அம்மா வீட்டுக்கு எது ஈடு? தமிழில் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். பொருளுக்கும் மதிப்பு, மனிதருக்கும் மதிப்பு. ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடும் என்ற பயம் அதனால்தான் நமக்கு அதிகமோ என்னவோ.

ஆனால் விலை பேசாத வீட்டிலும் விலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. அப்பா அதை அடமானம் வைத்தார். தம்பி அதை ஒண்ணே முக்கால் லட்சத்தால் அளந்தான். என் முறை வந்தபோதுதான் அது விலைமதிப்பற்றதாக மாறியது. வரலாற்றிலும் அப்படித்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, குடும்பம் சிதறிவிடும் என்பதுதான் எதிர்ப்பாளர்களின் பேச்சு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு, 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் வாரிசுச் சட்டம் விலையையே எழுதி வைத்திருந்தது: மகன் பங்கில் கால், அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை உடைத்தார். அந்த 5,000 ரூபாயை நிர்ணயித்தவர்கள் எவரும் மகளைக் கணக்குப் பார்ப்பவள் என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் அல்ல.

இன்று சட்டம் நமக்குப் பங்கைத் தந்துவிட்டது. ஆனால் மூன்றில் ஒன்று என்பது ஒரு பின்னம்தான். எதில் மூன்றில் ஒன்று என்று தெரியாதவரை அது வெறும் காற்று. வாரிசுகளுக்குள் விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே மதிப்பை நிர்ணயிக்கலாம் என்று 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அங்கே போகும் பெண்கள் குறைவு. ஏன் என்பதும் தெரிந்ததே. பொருளியலாளர் பீனா அகர்வால் 1994இல் வெளிவந்த தன் நூலில், தெற்காசியாவில் சகோதரிகள் நிலத்தை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் பிறந்த வீட்டு வாசலைத் திறந்து வைத்திருப்பதற்காகத்தான் என்று விளக்கினார். கணவன் வீட்டில் அடிபட்டால் ஓடிவர ஓரிடம் வேண்டும். அந்த இடத்துக்கு நாம் முன்பணமாகக் கட்டுவதுதான் நம் பங்கு.

அந்த முன்பணம் நல்ல முதலீடா? அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. சொத்தில்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடிவாங்கியிருந்தார்கள். நிலமும் வீடும் தங்கள் பெயரில் இருந்த பெண்களில் அது 7 விழுக்காடு. எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் இந்த வரி வராது. ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணின் கையில் இருக்கும்போது மட்டும் வரும் மதிப்பு இது.

அறிக்கையில் வராத இன்னொன்றும் உண்டு. கட்டடத்துக்கு 45 விழுக்காடு தேய்மானம் கழித்தாரே, அந்த 30 வருடமும் தரையைத் துடைத்து, ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்து, வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து வீட்டைத் தாங்கிப்பிடித்த கைகள் அம்மாவுடையவை. கடந்த பத்து வருடமாகத் தம்பி மனைவியுடையவை. இந்த உழைப்புக்கு அறிக்கையில் கட்டம் கிடையாது. அறிக்கை உண்மை முழுவதையும் சொல்லிவிடும் என்று நான் வாதாடவில்லை. இருக்கும் தொகையைக்கூட நமக்குக் காட்டாதவர்கள், இல்லாத கட்டத்தைப் பற்றி நம்மிடம் பேச முடியாது என்றுதான் சொல்கிறேன்.

அறிக்கை வந்த அன்று இரவு நான், தம்பி, அம்மா மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். தம்பியே வாசித்தான். 7 லட்சம் என்று வந்ததும் நிறுத்திவிட்டான். அம்மா கேட்டார்: "ஆளுக்கு ஏழா? அப்போ என்னுது எங்க?"

பத்திர எழுத்தர் தந்த வரைவை எடுத்துப் பார்த்தேன். விடுதலை கொடுப்பவர்கள் என்று அம்மா, நான், இருவர் பெயரும் இருந்தன. என் பெயருக்கு நேரே ஒண்ணே முக்கால் லட்சம். அம்மா பெயருக்கு நேரே தொகை இல்லை. "அன்பு பாசத்தின் பேரில்" என்று இருந்தது. என் பங்கைக் குறைக்க மூன்றால் வகுத்தபோது அம்மா ஓர் ஆளாக இருந்தார். கொடுக்கும்போது ஆளாக இல்லை. தம்பி வேண்டுமென்று செய்ததல்ல. "அம்மா என்கூடத்தானே இருக்காங்க" என்றான். இரண்டு முறை அந்த வரைவைப் படித்த எனக்கும் அது கண்ணில் படவில்லை. என் பங்குக்காகச் சண்டை போட்ட நானும் அம்மாவின் பங்கை மறந்துதான் இருந்தேன்.

எங்கள் ஊர்க் கதையில், சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம், அவருக்கு விழும் பிச்சையை எல்லாம் தானே தின்றுவிடும். சாபம் பெற்று வீடின்றி அலைந்து இங்கே வந்து புற்றாகக் குடியேறிய அம்மன்தான் அதைத் தரையில் இறங்கவைத்து மிதித்தாள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அன்றுதான் எனக்கு அது அம்மாவின் கதையாகத் தோன்றியது. அவர் பெயருக்கு வந்தது எதுவும் அவர் கைக்கு வந்ததில்லை.

பிறகு எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதினோம். அப்பாவின் மருத்துவத்துக்குத் தம்பி செலவழித்த 2,70,000 ரூபாயில் என் பங்கு 90,000. அதை நானே கழிக்கச் சொன்னேன். கணக்கு அவனுக்கும் நியாயம் செய்தது. அதுவரை அந்தச் செலவை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, மனதுக்குள் சுமந்துகொண்டிருந்தான். என் கல்யாண நகையையும் சேர்க்க வேண்டும் என்றான். வரதட்சணை 1961லிருந்து சட்டப்படி குற்றம், அது ஒருநாளும் என் கையில் இருந்ததில்லை, மாமனார் வீட்டுக் கடனை அடைக்கப் போனது என்றேன். அதில் இன்றும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

கடைசியில், 7 லட்சம் பெறுமானமுள்ள என் பங்கை, 4 லட்சம் பெற்றுக்கொண்டு விடுதலை செய்கிறேன் என்று எழுதினோம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடுதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. உண்மைத் தொகையை மறைக்க அவசியமே இருக்கவில்லை. மருத்துவச் செலவு போக மீதி 2,10,000 நான் தம்பிக்குக் கொடுத்தது. எவ்வளவு என்று தெரிந்து, மனதாரக் கொடுத்தது. வரைவில் கையெழுத்திட்டிருந்தால் அதைவிடப் பெரிய தொகை என்னைவிட்டுப் போயிருக்கும். அதை நான் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. தன்னிடம் என்ன இருந்தது என்றே தெரியாதவள் எதையும் தானம் செய்ய முடியாது. அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் முடியும். பிறந்த வீட்டுக்கு விலை போடலாமா என்ற கேள்விக்கு நான் கண்டடைந்த பதில் இதுதான். விலை தெரிந்த பிறகு கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தெரியாதபோது இரண்டுமே உங்களுடையவை அல்ல.

அம்மாவின் மூன்றில் ஒன்று அம்மாவின் பெயரிலேயே இருக்கிறது. பட்டாவில் இப்போது அவர் பெயரும் தம்பி பெயரும் இருக்கின்றன. திண்ணையின் அமாவாசை வாடகையை அவரே வாங்கி சுருக்குப்பையில் முடிந்துகொள்கிறார். என்னோடு பேச அவருக்கு இரண்டு மாதம் ஆனது. தம்பி பேசுகிறான், முன்பு போல அல்ல. அது திரும்பி வருமா என்று தெரியவில்லை. அதையும் இந்தக் கணக்கில் எழுதித்தான் ஆகவேண்டும்.

பத்திரம் பதிவான அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தம்பி மனைவி தெருமுனை வரை கூடவே வந்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, எங்க அம்மா வீட்லயும் கையெழுத்து கேக்கறாங்க. அந்த வேல்யூயர் நம்பர் இருக்குதா?"